உள்ளேயிருந்து மூன்று தட்டு

வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு டயர்க்கடைக்காரர் ஃபோன் செய்தார். அண்ணனின் பட்டறைக்கு அடுத்த கடை அவருடையது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் என்னை ஃபோனில் கூப்பிட்டதில்லை. என் நம்பர் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்தேன்.

“தங்கச்சி, ஷட்டரைக் கடப்பாரை போட்டுத் தூக்கிட்டோம்,” என்றார். “கிளம்பி வா. உங்க அண்ணிகிட்ட நான் இன்னும் சொல்லல. எனக்கு வாய் வரல.”

என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஷட்டர் என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனை அந்தத் தெருவில் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறைக்கு வழி கேட்டால் “காதுகிட்டயா? நேரா போய் இடப்பக்கம்” என்பார்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருந்தபோது, ஒருநாள் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, “இந்த மோட்டார் இந்த வாரம் தாங்காது” என்றான். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. சனிக்கிழமை அது நின்றுபோனது. அவன் வாய் வைத்ததால்தான் நின்றது என்று அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பத்தாவதோடு படிப்பை விட்டான். நான் கல்லூரியில் வேதியியல் படித்தேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு ‘விஞ்ஞானி’. பட்டறைக்குப் போனால், “எல்லாரும் எந்திரிங்க, விஞ்ஞானி வந்துட்டாங்க” என்பான். உள்ளே அவனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

பழைய கார்களை மட்டும்தான் பார்ப்பான். சேகரிப்பவர்கள் போர்வை போர்த்தி வைத்துக்கொண்டு, வருடத்தில் நாலு நாள் வெளியே எடுக்கிற கார்கள். அவற்றுக்கு அண்ணி சீட் உறை தைப்பாள். இஞ்சின் அவனுக்கு, சீட் இவளுக்கு. “வண்டியோட வயிறு உங்க அண்ணனுக்கு, முதுகு எனக்கு” என்பாள்.

வேலை முடிந்ததும் அவன் செய்கிற ஒரு காரியம் உண்டு. தெருவில் பேருந்து நிறுத்தம். எதிரே இரும்பு அறுக்கும் கடை. அந்த இரைச்சலில் இஞ்சினின் சத்தம் சரியாகக் கேட்காது. அதனால் ஷட்டரை முழுக்க இறக்கி, யாரும் திடீரென்று தூக்கிவிடாதபடி உள்கொக்கியும் போட்டுக்கொள்வான். காரை ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். எந்த வால்வு தளர்ந்திருக்கிறது, எந்த இணைப்பில் காற்று கசிகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பான். வேறு யாரும் சொல்லாததை அவன் சொன்னதற்கு அதுதான் காரணம்.

ஒன்பது வருடம் முன்பு அப்படி உட்கார்ந்திருந்தவன் வெளியே வந்து நடைபாதையில் வாந்தி எடுத்தான். தலை வெடிக்கிறது என்றான். நான் ஓடிப்போய் அவனுக்குப் பாடம் எடுத்தேன். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. தூக்கம் வருவது போல இருக்கும்.

“அப்ப நல்ல விஷயம்தானே, எனக்கு ராத்திரில தூக்கமே வர்றதில்ல,” என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. அன்று அவளும் டயர்க்கடைக்காரரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஷட்டர் இறங்கியிருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டயர்க்கடைக்காரர் தன் இரும்பு லீவரால் அதில் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே அண்ணன், காருக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணில் ஸ்பேனரால் மூன்று தட்ட வேண்டும். மூன்று வராவிட்டால் ஷட்டரை உடைக்கலாம், அண்ணியின் உத்தரவு. நான் ஒரு எச்சரிக்கைக் கருவி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு வண்டியைக் கிளப்பும்போதும் அது கத்தியது. “இது கத்துறதைக் கேக்கவா நான் கதவை மூடுறேன்?” என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் வீட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது.

ஒன்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் அந்தத் தட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் அவனிடம் வந்த கார்கள் பெரும்பாலும் கன்வெர்ட்டர் வைத்தவை. இஞ்சினுக்கும் சைலென்சருக்கும் நடுவே, தலையணை அளவு இரும்புப் பெட்டி. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள். சூடேறிவிட்டால் புகையிலுள்ள விஷத்தில் பெரும்பகுதியை அது எரித்துவிடும். அண்ணன் மூடிய அறையில் உட்கார்ந்து எழுந்து வந்ததெல்லாம் அந்தப் பெட்டியின் தயவு.

பல் டாக்டரின் கார் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. நாற்பத்தைந்து வயதுக் கார், சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. டாக்டருக்குக் கன்வெர்ட்டரை எடுக்க வேண்டும்.

“இது பிறக்கும்போது இந்தப் பெட்டி இல்லப்பா. நடுவுல யாரோ வாங்கினவன் மாட்டினது. சத்தம் தொண்டை கட்டின மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் புடுங்கணும்னுதான் தோணும் டாக்டர்,” என்றான் அண்ணன். “எடுக்கறேன். ஆனா ரோட்டுல ஓட்டக்கூடாது, லாரில ஏத்திட்டுப் போகணும். கண்காட்சி முடிஞ்சதும் திரும்ப இங்க வரணும், மாட்டிடுவேன். சரியா?”

டாக்டர் சரி என்றார். ஓரத்தில் சீட் அளவெடுத்துக்கொண்டிருந்த அண்ணி மட்டும், “சும்மா கெடக்கறதை எதுக்குக் கழட்டணும்?” என்றாள். அண்ணனுக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை வேலை முடிந்து நான் அந்தப் பக்கம் போனேன். கார் தாங்கிகள் மேல் நின்றது. அண்ணன் அடியில் மல்லாந்து கிடந்தான். நான் டார்ச் பிடித்தேன். போல்ட்டுகள் துருவேறி இரும்போடு இரும்பாகியிருந்தன. எண்ணெய் விட்டான், நெருப்புக் காட்டினான், மறுபடி எண்ணெய் விட்டான். பெட்டி கடைசியில் அவன் மார்பின் மேல் இறங்கியது. குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தான். அதற்கு மேலே, காரின் தரையைச் சூட்டிலிருந்து காக்கிற தகடு. நாலு போல்ட். மூன்றைத் திரும்ப முறுக்கினான். நாலாவது கழற்றும்போதே உடைந்துவிட்டது.

“புதுசு ஒண்ணு இருக்கு, நாளைக்கு,” என்றான்.

தகட்டின் அந்த மூலை இரண்டு விரல் அளவு தொங்கியது. “இது ஆடுதே,” என்றேன்.

“ஆடட்டும். அது கடைசி வேலை. மொதல்ல சத்தம் கேக்கணும்.” வெளியே வந்து கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தான். “என்ன விஞ்ஞானி, மூஞ்சி ஏன் இப்படி?”

“பெட்டி இல்லாம ஷட்டரை மூடாதண்ணே.”

“பத்து நிமிஷம். வெளில நம்ம ஆளு தட்டுவாரு.”

நான் இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

வியாழக்கிழமை நடந்ததை டயர்க்கடைக்காரர் அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் எனக்கும் அண்ணிக்கும் சொன்னார். அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளில் சொன்னார்.

“மூணு மணிக்கு ஷட்டரை இறக்கினான். ஒரு லிட்டர் பெட்ரோல்தான் ஊத்திருக்கான். மூணு பத்துக்கு ரெண்டு தட்டினேன். உள்ளேர்ந்து பதில் வந்துச்சு. மூணு இருபதுக்குத் தட்டினேன், வந்துச்சு. அப்புறம் ஒரு லாரி டயர் வந்து மாட்டிக்கிட்டேன். ஆனாலும் விடல. மூணே முக்காலுக்குத் தட்டினேன். அப்பவும் வந்துச்சும்மா. நல்லா, பலமா. நாலு மணிக்கு இஞ்சின் நின்னுச்சு. பெட்ரோல் தீந்திருக்கும், கதவைத் திறப்பான்னு பார்த்தேன். திறக்கல. தட்டினேன். ஒண்ணும் இல்ல.”

“மூணு தட்டினானா அண்ணே?” என்று கேட்டேன்.

“மூணுக்கு மேலயே தட்டினான். என்னைக் கிண்டல் பண்றான்னு நெனச்சேன்.”

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூணே முக்கால் வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காரு,” என்றாள். “நீங்க தட்டினதுக்குப் பதில் சொல்லிருக்காரே.” அன்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும்தான் அவன் தனியாக இருந்தான் என்று நினைக்கிறாள். டயர்க்கடைக்காரரும் அதை வைத்துத்தான் கடையைத் திறக்கிறார்.

மூணே முக்காலுக்கு அவன் பதில் சொல்லியிருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறையின் நீள அகலம் எனக்குத் தெரியும். அந்த வயது இஞ்சின், பெட்டி இல்லாமல், எவ்வளவு கக்கும் என்பதும் தெரியும். மூணு இருபதுக்கே சந்தேகம்.

நேற்று அண்ணி தைத்து வைத்திருந்த சீட் உறையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். காரை அப்படியே கொண்டுபோகப் போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் யாரும் இல்லை. குனிந்து, அடியில் கையை விட்டு, தகட்டின் தொங்குகிற மூலையை ஒரு விரலால் தள்ளினேன். மேலே காரின் தரையில் மோதித் திரும்பியது. டக், டக், டக், டக். இஞ்சின் அதிரும்போது அது நிற்காமல் அடித்திருக்கும்.

ஷட்டருக்கு வெளியே நிழல் தெரிந்தது. “யாரு, தங்கச்சியா?” என்றார் டயர்க்கடைக்காரர். “ஏதோ சத்தம் கேட்டுச்சு.”

“நான்தாண்ணே. ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு.”

அவர் தன் கடைக்குத் திரும்பிப் போனார்.

வேலை மேசையில் ஒரு டப்பா மூடி இருக்கிறது. அதில் புதுப் போல்ட் ஒன்று, வாஷரோடு, மரையில் எண்ணெய் தடவிய நிலையில் இருக்கிறது. பக்கத்தில் அதற்கான ஸ்பேனரும் இருக்கிறது. தகட்டின் நாலாவது போல்ட் இன்னும் முறுக்கப்படவில்லை.