எலும்புச் சில்லு

முப்பதுகளில் மயிலாப்பூரில் நான் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"வெளிக்குப் போறச்சே கண்ணாடியால கீறறாப்பல இருக்கு டாக்டர். ரத்தம் வேற."

மூலம் என்றுதான் நினைத்தேன். கையுறை போட்டு விரலால் சோதித்தபோது, ஆசனவாய்க்குச் சற்று உள்ளே கூர்மையாக ஏதோ தட்டுப்பட்டது. சுற்றிலும் சதை வீங்கிக் கொதித்தது. மலச்சிக்கலுக்குக் குச்சி, சோப்புத் துண்டு என்று நுழைத்துக்கொண்டு, கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"உள்ளே எதையாவது விட்டீங்களா? மறைக்காம சொல்லுங்க."

"என்ன கேக்கறேள் நீங்க?" அவர் முகம் சிவந்துவிட்டது. நான் நம்பவில்லை.

வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இளக்கமாகவே இருந்தது, குடல் கிழிந்திருக்காது. மரத்துப்போக ஊசி போட்டு, ஆசனவாயை விரித்துப் பிடித்து இடுக்கியால் எடுத்தேன். இரு முனையும் ஊசிபோல இருந்த எலும்புச் சில்லு. சீழ் கோத்திருந்த இடத்தைக் கீறி வெளியேற்றினேன்.

"எலும்பா? என் வயித்துலயா?" என்றார் அவர். எங்கோ ஓட்டலில் ரகசியமாகக் கறி சாப்பிடுகிற ஆள் என்று தீர்மானித்தேன். அவரோ, அதை நானே கொண்டுவந்து வைத்ததுபோல என் கையையே பார்த்தார்.

அவர் உள்ளே வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

"அவர் மேல தப்பில்லே டாக்டர். நெஞ்சுல பலமில்லே, ஆட்டுக்கால் சாறு குடுங்கோன்னு போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னார். இவர் முடியவே முடியாதுன்னுட்டார். பின்தெரு தையல்கார சாயபு ஆத்துல வெச்சுத் தருவா. மிளகும் திப்பிலியும் போட்டு, கஷாயம்னு நான்தான் குடுத்துண்டிருக்கேன். வடிகட்டித்தான் குடுப்பேன்... அவர்கிட்ட சொல்லிடுவேளா?"

"சொல்லமாட்டேம்மா. இனிமே ரெட்டைத் துணியில வடிகட்டுங்க."

தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் உட்காரச் சொன்னேன். மலம் இளக லிக்விட் பாரபின் கொடுத்தேன். புண் ஆறியது. கடைசியாக வந்த அன்று அவர் மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அது நெஜமா எலும்புதானா?"

"ஏதாவது செடி முள்ளாவும் இருக்கலாம்."

"அன்னிக்கு எலும்புன்னேளே."

நான் குனிந்து மருந்துச் சீட்டை எழுதினேன். அவர் என்னையும் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வேறு டாக்டரிடம்தான் போனார்கள்.