அம்மாவின் கதையைத் திருடிய ஐரிஷ்காரர்

இன்று கனடாவின் மார்க்கம் நகரில் பழி தீர்த்தேன். அம்மாவை வைத்துத்தான்.

அந்த ஐரிஷ்காரரும் நானும் ஒரு காலத்தில் ஒரே பாரில் மேடையேறிப் பகிடி சொன்னவர்கள். நான் சொன்ன என் அம்மாவின் கதையை அவர் தன் அம்மாவின் கதையாக்கினார். அதனால் பெயர் வந்தது, பிறகு ரேடியோ நிகழ்ச்சி, இப்போது புத்தகம். நான் மேடையை விட்டு ஏழு வருடம்.

இன்று புத்தகக் கடையில், நானும் அம்மாவும் முன்னால் இருக்க, அதே கதையை வாசித்தார். பல்கனியில் காயப்போட்ட அப்பாவின் சேர்ட்டும் காற்சட்டையும் குளிரில் விறைத்து நிற்க, அப்பாதான் பிந்தி வந்து நிற்கிறார் என்று நினைத்து அம்மா பத்து நிமிடம் ஏசுகிறார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் என் அம்மா கையைத் தூக்கினார். நான் மொழிபெயர்த்தேன்.

"தம்பி, உது மல்வேர்னிலை என்ரை வீட்டிலை நடந்தது. உமக்கு முடிவு தெரியாதே?"

ஐரிஷ்காரரின் முகம் சிவந்தது. "முடிவா?" என்றார்.

"ஓம். நான் ஏன் பத்து நிமிசம் ஏசினனான் எண்டால், கலியாணம் கட்டி அண்டைக்குத்தான் மனுசன் வாய் திறக்காமல் நிண்டு கேட்டவர்."

இதை அம்மா என்னிடம்கூடச் சொன்னதில்லை. மொழிபெயர்த்து முடித்ததும் கடையே சிரிப்பில் அதிர்ந்தது. ஐரிஷ்காரர் மட்டும் தண்ணீர் குடித்தார். பொய் சொல்ல மாட்டேன், பார்க்க இனித்தது.

வெளியே வரும்போது இரண்டு பேர் அவருடைய புத்தகத்தை நீட்டி அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா தமிழில் போட்டுக்கொடுத்தார்.

உங்கள் கதையையும் யாராவது தூக்கியிருந்தால் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை இல்லை.