ஒற்றைத் தந்த யானை

என் தொழில் என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். கோல்ஃப் மைதானங்களை வடிவமைக்கிறேன் என்றால், "இன்ஜினியரிங் படிச்சிட்டு மண்ணு வெட்டறியா?" என்று தாம்பரத்து அத்தை கேட்பார். பாதி உண்மைதான். ஆடுகிறவர் திண்டாட வேண்டும் என்றே மைதானத்தில் ஆங்காங்கே மணல் குழிகள் வெட்டி வைப்போம். பங்கர் என்று பெயர். அடுத்தவருக்குக் குழி பறித்துச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

பல வருஷம் மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல்தான் குழி வெட்டினேன். பொத்தேரி தாண்டி ஒரு வில்லா குடியிருப்புக்குள் சின்ன மைதானம் அமைக்கும் வேலை வந்தபோதுதான் கோடும் என்னுடையதானது. அதன் முதலாளிக்கு ஓர் ஆசை. கடைசிப் புல்தரையின் பக்கத்தில் வரும் பங்கர் யானை முகமாக இருக்க வேண்டும். மாடியிலிருந்து பார்த்தாலும் ட்ரோனில் படம் எடுத்தாலும் யானை தெரிய வேண்டும். இப்படிப்பட்ட வேடிக்கை வடிவங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் என் துறையில் நிறைய. பிதுக்கட்டும். நான் போட்ட யானையின் துதிக்கை, கொடி நட்டிருக்கும் புல்தரையைச் சுற்றி வளைந்து போனது. தைரியமாக வலப்பக்கம் அடித்தால் துதிக்கை பிடித்துக்கொள்ளும். பயந்து இடப்பக்கம் அடித்தால் காது. வேடிக்கையும் உண்டு, ஆட்டமும் உண்டு. வரைந்து முடித்த அன்று என் கண்ணே பட்டிருக்கும்.

தந்தத்தில்தான் சறுக்கினேன். இரண்டாவது தந்தம் வர வேண்டிய இடத்தில் மழைநீர்க் குழாய் போனது. அதைப் போய் நகர்த்துவானேன், ஒரு தந்தம் போதும் என்று விட்டுவிட்டேன்.

மணல் கொட்டிய மறுநாள் காலை போய்ப் பார்த்தால், துதிக்கையின் நுனியில் அருகம்புல்லும் கற்பூரக் கரியும். மைதானத்தைப் பராமரிக்கும் பெண்கள் கரையில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு மணலைச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான அக்காவிடம் கேட்டேன்.

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்குற? ஒத்தத் தந்தத்த வெச்சுகினு கீறாரு. புள்ளையாரு இல்லாம வேற யாரு?" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு யானை பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது. முச்சந்திக்கு முச்சந்தி அவர் முன்னால் குட்டிக்கொண்டு வளர்ந்தவள் நான். எனக்கே உறைக்கவில்லை!

ஒத்திகை ஆட்டத்துக்கு வந்த ஒருவரின் பந்து மணலில் விழுந்ததும் அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும். மட்டையை ஓங்கினார், ஓங்கியபடியே நின்றார். பிறகு பந்தைக் கையால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

முதலாளி அன்றே சொல்லிவிட்டார். "சாமி மேல மட்டையால அடிக்கறது தப்பும்மா. திறப்பு விழாவுக்குள்ள மூடிட்டுப் புல்லு போட்டுடுங்க."

நானாகப் போட்ட முதல் பங்கர். அதன் மேல் புல்லா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ரெண்டாவது தந்தமும் வச்சுடறேன் சார். அப்போ வெறும் யானைதானே?" என்று மல்லுக்கு நின்றேன். இங்கே வேலை செய்கிறவர்கள் ஒத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் மூடத்தான் வேண்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

குழாயை எங்கே நகர்த்துவது என்று உடனே வரைந்துவிட்டேன். ஆனால் ஜேசிபி ஓட்டுகிற அண்ணா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பேஜாரு மேடம். கற்பூரம் ஏத்துன எடத்துல நான் கை வெக்க மாட்டேன். எனக்குப் புள்ளகுட்டி கீது." கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். மசியவில்லை. வெளியிலிருந்து வண்டி வரவழைத்து மூடிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பிடித்தது மழை. ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். காலையில் திரும்பி வந்தால் காது சரிந்திருந்தது. துதிக்கை துண்டு துண்டாகக் கிடந்தது. தந்தம் இருந்த இடமே தெரியவில்லை. மூடுவதற்கு இனி வண்டிகூட வேண்டாம் என்று நினைத்தேன்.

அக்கா வந்து கரையில் நின்றார். சேற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புள்ளையாரு கரைஞ்சிட்டாரும்மா." குரலில் துளி வருத்தமில்லை. "மஞ்சள்ல புடிச்சாலும் களிமண்ணுல புடிச்சாலும், கும்புட்டு முடிச்சா கரைச்சுத்தானே வுடணும்? அவரே கரைஞ்சி அவரு வூட்டுக்குப் போயிட்டாரு. இனிமே நீ உன் யானைய போட்டுக்கோ."

ஜேசிபி அண்ணா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

குழாய் காதைச் சுற்றிப் போயிற்று. தந்தம் இரண்டும் வந்தன. துதிக்கையை முன்பைவிட ஆழமாக வெட்டி, கரை சரியாமலிருக்க ஓரமெல்லாம் புல் பத்தை பதித்தேன். அடுத்து அடித்த மழையில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அக்கா செருப்புக் காலோடு இறங்கி மணலைச் சமன்செய்தார். செருப்புத் தடத்தைப் பார்த்து ஒருத்தி பூரித்துப்போனாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் பூரித்துத்தான் போனேன்.

திறப்பு விழாவில் முதல் ஆட்டம் ஆடிய சிறப்பு விருந்தினர், பேர்போன கோபக்காரர். வலப்பக்கம் தைரியமாக அடித்தார். பந்து நேராகத் துதிக்கைக்குள் போய் விழுந்தது. முதலாளியும் நானும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஷூவோடு இறங்கினார். ஓங்கி ஒரு அடி. பந்து கரையில் முட்டிக் காலடிக்கே திரும்பி வந்தது. மறுபடி அடித்தார். மணல் பறந்தது, பந்து அசையவில்லை. இன்னொரு அடிக்கும் அதே கதிதான்.

முகமெல்லாம் மணலோடு நிமிர்ந்து கத்தினார்: "எவன்யா இந்தப் பாழாப்போன யானையைப் போட்டது?"

முதலாளி மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் கையைத் தூக்கி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "நான்தான் சார்!"