பூட்டக்காவும் கமீலியா மொட்டும்

பூட்டக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆளை அடையாளம் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. சர்க்கரை டப்பா, பீரோ, செருப்பு வைக்கிற பெட்டி, தோட்டத்துக் குழாய் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பூட்டுப் போட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பாள். அவள் வருகிற சத்தம் அவளுக்கு முன்னால் வரும்.

பிறவியிலேயே அப்படி என்று சொல்ல முடியாது. சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை விளக்கடியில் விரித்து, விட்டுப்போன தையல், இழுத்துக்கொண்ட நூல், கோணலாக உட்கார்ந்த காலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை.

வீடு மாமியார் வழியில் வந்தது. கீழே பூட்டக்காவும் வீட்டுக்காரரும். மாடியில் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. தம்பி போய்ச் சேர்ந்த பிறகு அவள் மட்டும்தான். மாடிப்படி தோட்டத்துக்குள் இறங்கும். பின்சந்துப் பக்கம் இரும்பு ஏணி ஒன்று உண்டு. முட்டிவலிக்காரியான இந்தச் சின்னவள் அதில் ஏறி இறங்கிப் பிழைக்க முடியாது.

தோட்டம் சின்னதுதான். பனி உறையாத ஊர் என்பதால் குளிர் முடிகிற சமயத்திலேயே அதற்கு ஒரு அழகு வந்துவிடும். சுவரோரம் வெள்ளை நார்சிசஸ் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தலை நீட்டும். இலையே இல்லாத பிளம்ஸ் மரம் அவசரப்பட்டுப் பூத்துவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில் மாமியார் நட்ட கமீலியா, மாடி ஜன்னல் உயரத்துக்கு. தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாக வேண்டும் அது. அதே கெட்டி இலை, அதே பளபளப்பு. பூ மட்டும் அக்காளுக்கு வாய்க்காத அழகு. மாமியார் கடைசிக் காலத்தில் மூத்த மருமகள் கையைப் பிடித்து, “இதை நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அது பூட்டக்காவின் பொறுப்பு. பூட்டுப் போட முடியாத ஒரே சொத்தும் அதுதான்.

அந்த வருஷம் மொட்டுகள் விழ ஆரம்பித்தன. தினமும் காலையில் மரத்தடியில் முழு மொட்டாகக் கிடக்கும். பூட்டக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காம்பில்லாமல் அடியோடு கழன்றிருந்தது. காற்று கிடையாது, அணிலின் பல் தடம் கிடையாது.

“யாரோ கிள்ளிப் போடுறாங்க” என்றாள்.

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவில்லை. “யாரோன்னு ஏன் சொல்ற? மாடியைப் பாத்துக்கிட்டே சொல்றியே.”

“எல்லாப் பக்கமும் கொட்டுது. அவ ஜன்னலுக்குக் கீழ இருக்கிற பக்கம் மட்டும் அப்படியே நிக்குது. அது எப்படி?”

“போலீஸ்ல சேர வேண்டிய ஆளு. எனக்கு வந்து வாய்ச்சே.”

“சிரிங்க, சிரிங்க. மாமியார் மரத்தை எங்கிட்டக் குடுத்தப்போ அவ மூஞ்சி போன போக்கு உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கல.”

அன்றைக்கே வெல்டரை வரவழைத்துவிட்டாள். மாடிப்படிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு இரும்புக் கேட்டு, அதற்கு ஒரு பூட்டு. வெல்டர் டேப்பை நீட்டி அளக்கிறபோது சின்னவள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது எதுக்கு?”

“தோட்டத்துக்குப் பாதுகாப்பு.”

“யார்கிட்ட இருந்து?”

பூட்டக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். சின்னவள் அதைப் பார்த்தாள். பிறகு, “கேட்டு வர்ற அன்னைக்கு நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். ஏணியில விழுந்து சாகறதுக்கு அது மேல்” என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னபடி செய்கிற ஆள் அவள். வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. “தம்பி இருந்திருந்தா இப்படி நடக்குமா?” என்று தட்டைப் பார்த்துக் கேட்டார். பூட்டக்கா காதில் வாங்காதவள் போல இருந்தாள். கேட்டு வருவதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் யாரும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் கணக்கு அது.

கம்பெனியில் சந்தேகமான சட்டைக்கு நூல் கட்டி வைப்பார்கள். அதே மாதிரி, நன்றாக இருந்த மொட்டுகளுக்கு அடியில், கிளையோடு சேர்த்துச் சிவப்பு நூல் கட்டினாள். தொட்டால் முடிச்சு நகரும், தெரிந்துவிடும். விடிந்ததும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாடியில் இருமல் கேட்டது. பாத்திரம் உருண்டது. தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு மொட்டு, யாரும் தொடாமல், சும்மா கழன்று விழுந்தது. நூல் முடிச்சு கிளையிலேயே இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மனசு ஆறியிருக்கும். பூட்டக்காவுக்குச் சந்தேகம் இடம் மாறியது, அவ்வளவுதான். கிள்ளவில்லை என்றால் வேரில் என்னமோ ஊற்றியிருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய் மாடிச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்து தரைவரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. சுரண்டி மோந்து பார்த்தாள். சோப்பு.

தனக்கு முட்டிவலி இல்லாத தைரியத்தில் மாடிப்படியில் ஒரே மூச்சில் ஏறினாள். உள்ளே சின்னவள் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மரத்துல சோப்புத் தண்ணி ஊத்தினியா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு.”

“ஊத்தினேன்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று பூட்டக்கா நினைக்கவில்லை. திட்ட வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது.

“எப்போ ஊத்தின?”

“கோடையில. உங்க மக பிரசவத்துக்கு நீங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போனீங்களே, அப்போ. ஒரு சொட்டு மழை கிடையாது. இலையெல்லாம் தொங்கிப் போச்சு. குழாய்க்குப் பூட்டு, சாவி உங்க இடுப்புல. நான் என்ன பண்றது? துணி அலசின கடைசித் தண்ணி, காய் கழுவின தண்ணி, எல்லாத்தையும் ஜன்னல் வழியா ஊத்தினேன். முட்டியோட வாளி தூக்கிட்டு இறங்க முடியல. எட்டின பக்கம் எட்டுச்சு. எட்டாத பக்கத்துக்கு நான் எங்க போக?”

பூட்டக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். குழாய்க்குப் பூட்டுப் போட்டதே சின்னவள் தண்ணீரைத் திருடித் துணி துவைக்கிறாள் என்ற சந்தேகத்தில்தான். மாமியார் ஒரு கோடையில் வீட்டுக்காரரைத் தெருவே கேட்கத் திட்டியது இப்போது ஞாபகம் வந்தது: “மொட்டு இப்பவே உள்ள உக்காந்துக்கும்டா. இப்போ காயவிட்டுட்டு, குளிர்ல கொட்டுதேன்னு வந்து நிக்காத!” கூடவே நின்று கேட்டவள்தான் இவளும்.

எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நேர் கீழே, வாளித் தண்ணீர் விழக்கூடிய வட்டத்துக்குள், சிவப்புச் சிவப்பாகப் பூத்து நின்றது. வட்டத்துக்கு வெளியே வெறும் இலைதான்.

வாசலில் வெல்டரின் வண்டி வந்து நின்றது. ரெண்டு பேர் கேட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். சின்னவள் பெட்டியை மூடினாள். பூட்டக்கா படியிறங்கிப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இந்தக் கம்பி கோணல்” என்றாள்.

“எங்கேம்மா கோணல்? மட்டம் வெச்சு அடிச்சது.”

“வெல்டிங் திட்டுத் திட்டா இருக்கு. பெயின்ட் ஒழுகியிருக்கு. எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ.”

“அட்வான்ஸ் திரும்ப வராதும்மா!”

“வெச்சுக்க.”

பூட்டக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டை வண்டியில் ஏற்றினான். பூட்டக்கா தன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, குழாய்ப் பூட்டைத் திறந்தாள். துருப்பிடித்திருந்ததால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கழற்றிய பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மேலே பார்த்தாள். சின்னவள் ஜன்னலில் நின்றாள்.

“பெட்டியை எடுத்து உள்ள வைடி. அண்ணன் வீட்டுல போய் என்னைப் பத்தி என்ன சொல்லலாம்னு இருந்த?”

“உள்ளதைத்தான் சொல்லியிருப்பேன்.”

“அதான் பயமா இருக்கு” என்றாள் பூட்டக்கா. குனிந்து, சிவப்பு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்தாள். “ஏண்டி, அந்த வாளி யாரோடது? பச்சை வாளியா? என்னோடது ஒண்ணு ரொம்ப நாளா காணோம்.”

சின்னவள் ஜன்னலைச் சாத்தவில்லை. “வந்து பாத்துக்கங்க அக்கா. கதவு தெறந்துதான் இருக்கு.”