நிற்காமல் ஓடிய சீடி

என் மச்சாளிடம் கொம்பியூட்டர் இருந்தது. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் என் அம்மாவும் அவளிடம் போய்விடுவார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மச்சாள் என்றால் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமாவின் மகள். என்னைவிட ஒரு வயது மூப்பு, பெருமையடிப்போ சொல்லி வேலையில்லை. பெரிய மாமாவுக்குத் துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை. உவர்மலையில் இருந்த அவர்கள் வீட்டு முன்னறையில், பூப்போட்ட துணி போர்த்தியபடி அந்தக் கொம்பியூட்டர் வீற்றிருக்கும். திருக்கடலூரில் எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு டிவியும், தட்டினால்தான் வாய் திறக்கும் டிவிடி டெக்கும்தான்.

அந்த டெக்கில் அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுச் சீடி முழுதாக ஓடாது. அக்காவுக்குத் தண்ணி வார்க்கும் வரை நன்றாகத்தான் ஓடும். அதன்பின் சமையல் பந்தலில் இருந்து அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, பாயாச வாளியோடு வெளிப்படுவார். அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். சீடியில் கீறல். அம்மா அதை ஊதுவார், சேலைத் தலைப்பால் துடைப்பார், மறுபடி போடுவார். அது அதே இடத்தில் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அந்தச் சீடியை உவர்மலைக்குக் கொண்டுபோனார். மச்சாளிடம் படம் பார்க்கவென்றே சில சொப்ட்வெயர்கள் இருந்தன. ஒன்றில் போட்டாள், படம் உறைந்துபோனது. இன்னொன்று ஏதோ ஆங்கிலத்தில் பிழை சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. கடைசியாக எங்கிருந்தோ அவள் இறக்கி வைத்த ஒன்று, கரகரத்தாலும் கீறலைத் தாண்டி ஓடியது. சின்ன மாமா வாளியோடு வந்தார். கமராக்காரரைப் பார்த்து, "என்னை என்னத்துக்கு எடுக்கிறியள்? பொம்பிளையை எடுங்கோவன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு அம்மா மச்சாளைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினார். என்னை அப்படிக் கொஞ்சி எவ்வளவு காலம் என்று நான் அங்கேயே நின்று யோசித்தேன்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் கோயில் முடிந்தால் நேரே உவர்மலைதான். அம்மாவும் மச்சாளும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள். நான் பின்னால் நிற்பேன். மௌசில் கை வைத்தால், "தொடாதை, செற்றிங் மாறிப்போகும்" என்பாள் அவள். "ஓம், நீ சும்மா நில்" என்பார் அம்மா. எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் மச்சாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கொம்பியூட்டர் வகுப்பில் புதிதாகப் படித்த சொல்லைக் காட்ட வேண்டுமே! "மாமி, இதை வேறொரு சீடியில எரிச்சுத் தரட்டா?" என்றாள்.

அம்மா பதறி எழும்பினார். "என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? நல்ல காரியத்துச் சீடி. அதை ஏன் எரிப்பான்?"

அவள் லேசர் வெளிச்சம் அது இது என்று விளக்கியதொன்றும் அம்மாவின் காதில் ஏறவில்லை. சீடியைக் கழற்றித் தரச் சொல்லி, கைலேஞ்சித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். மச்சாளின் முகம் சுருங்கிப்போனது. அடடா, எனக்கு அன்றைக்குத்தான் பசி எடுத்தது!

வீட்டுக்கு வந்ததும் நான் மெல்லத் தொடங்கினேன். "அம்மா, எரிக்கிறேல்லை. அடிக்கிறது. கடையில கொப்பி அடிச்சுத் தருவினம்." எரிக்கிறது என்றால் ஆகாது, அடிக்கிறது என்றால் ஆகும். அம்மா அரை மனதோடு சீடியைத் தந்தார். எங்கள் டெக்கிலேயே நிற்காமல் ஓடும் சீடி ஒன்று வந்துவிட்டால் உவர்மலையில் அம்மாவுக்கு என்ன வேலை?

அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதிக்குப் போனார். அங்கே கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் சீடிக்கடை வைத்திருந்தார். அப்பா வாசலில் யாரோடோ மீன் கதையில் மூழ்க, நான் உள்ளே போனேன். நானா சீடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கீறி இருக்கே மகள். என்னட்ட ரெண்டு சொப்ட்வெயர் இருக்கு. ஒண்டு கீறின இடத்தையும் விடாம இழுத்து எடுக்கும். ஆனா அந்த இடம் கரகரண்டுதான் இருக்கும். மத்தது அந்தத் துண்ட விட்டுட்டு மிச்சத்தக் கிளீனா அடிச்சிரும். எதால அடிக்கிற?"

"நிக்காமல் ஓடுறதால அடியுங்கோ நானா."

"துண்டு ஒண்டு போயிருமே, பரவால்லையா?"

"பரவாயில்லை."

என்ன பெரிய துண்டு, ஒரு பாயாச வாளி! சின்ன மாமாவை நேரிலேயே பார்க்கலாம்தானே. சாமத்திய வீட்டுப் பந்தல் பிரித்த கையோடு அவர் வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். முன்னேயும் பின்னேயும் போன வள்ளங்களில் இருந்த பெடியள் எல்லாரும் போன் எடுத்துவிட்டார்கள். அவருடைய வள்ளத்தில் இருந்து மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. கேட்டால், "அங்க அகதிக் காம்பில போன் குடுக்க மாட்டாங்களாம்" என்பார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

புதுச் சீடியை நானே டெக்கில் போட்டேன். தண்ணி வார்த்து முடிந்தது. ஒரு சிமிட்டல். அடுத்து அக்கா சேலை கட்டி அலங்காரக் கதிரையில் இருந்தாள். "பாத்தீங்களே, நிக்கேல்லை!" என்று துள்ளினேன். அம்மா ரிமோட்டை வாங்கிப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். "நல்லா இருக்கு பிள்ளை" என்று அம்மா என் தலையைத் தடவினார். அடுத்த வெள்ளி வரை நான் தரையில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா அலுமாரியைத் திறந்து அந்தக் கீறல் விழுந்த பழைய சீடியை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கட வீட்டில நிக்காமல் ஓடுதெல்லே? பிறகு என்னத்துக்கு அங்க?"

அம்மா சீடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். நானும் விறுவிறென்று பின்னால் போனேன்.

மச்சாள் சீடியை வாங்கிப் போட்டாள். அந்தக் கரகரத்த சொப்ட்வெயரைத் திறந்து, முன்னால் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, நேரே பாயாச வாளியில் கொண்டுபோய் விட்டாள். சின்ன மாமா சிரித்தார்.

"இன்னொருக்கா விடட்டா மாமி?"

"ஓம் பிள்ளை."

அவளின் ஒரு கை மௌசில் இருந்தது. மறு கையை அம்மா பிடித்திருந்தார். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சரியான நடிப்புக்காரி என்று பல்லைக் கடித்தேன்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சின்ன மாமா போன் எடுக்கும்போது முதலில் நான்தான் கதைக்க வேண்டும். அவளுடையதைவிடப் பெரிய கொம்பியூட்டராகப் பார்த்து எங்களுக்கு ஒன்று அனுப்பச் சொல்ல வேண்டும். அது மட்டும் வந்து சேரட்டும், அம்மா இந்த வீட்டுப் படி ஏறுகிறாரா பார்ப்போம்.