பந்தைப் பிடித்ததும் நின்றுவிடுகிறவள்

பலெர்மோவில் நான் லக்ரோஸ் பயிற்றுநர் என்று சொன்னால், எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் என் முகத்தை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். நுனியில் வலை கட்டிய தடியால் பந்தைப் பிடித்து, அதோடு ஓடி, கோலுக்குள் எறிகிற விளையாட்டு என்று விளக்குவேன். "அதுக்கும் சம்பளம் தருவினமோ?" என்பதுதான் அடுத்த கேள்வி. நான் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து முடித்த வருடம், அங்கேயே மாணவிகள் அணிக்குப் பயிற்றுநர் தேடினார்கள். வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்த கதை அவ்வளவுதான்.

இத்தாலியில் பயிற்றுநரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், பெண்ணாக இருந்தாலும். ஒரு நாள் ஒரேத்தோ வீதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே நின்று ஒரு மாணவி "மிஸ்டர், மிஸ்டர்" என்று கத்த, அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. பொம்பிளைப் பிள்ளையை இப்படிக் கூப்பிட்டால் இவளை இனி ஆர் கட்டுவினம் என்று மாதா கோயிலில் எல்லோரிடமும் புலம்பினார். அதே வாயால், மகள் கம்பஸில் படிப்பிக்கிறாள் என்றும் பெருமை அடித்துக்கொண்டார்.

முதல் பருவத்தில் நாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. கடைசி ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது விளையாட்டுப் பிரிவின் தலைவர் என்னைக் கூப்பிட்டு, கோப்பி வாங்கித் தந்து, அதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடப் போவதாகச் சொன்னார். அணி இல்லாவிட்டால் மிஸ்டரும் இல்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அம்மாவோ அதற்குள் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டோரன்டில் எனக்குக் கோடைகால வேலை பேசி வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, பரீட்சை என்று சொல்லி எங்கள் முன்வரிசைக்காரி ஒருத்தி விலகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எங்கள் பெண்கள் வலைப்பந்து ஆடுவார்கள். அவர்களில் ஒருத்தி அதே பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எப்படி எறிந்தாலும் பந்து அவளிடம் போய் ஒட்டிக்கொள்ளும். கெஞ்சிக் கூத்தாடி அவளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

தடி இரண்டு கிழமையில் அவளுக்கு வசப்பட்டுவிட்டது. கால்தான் வசப்படவில்லை. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்துவிட்டால் காலெடுத்து ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். லக்ரோஸில் ஓடலாம், ஓட வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஓம் அக்கா என்று தலையாட்டுவாள். அடுத்த பந்தைப் பிடித்ததும் கம்பம் போல நிற்பாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசி ஆட்டம் ரோமிலிருந்து வந்த அணியோடு. தொடங்கிச் சற்று நேரத்தில் அவளுக்குப் பந்து வந்தது. பிடித்தாள், நின்றாள். அவள் ஓடுவாள் என்று நம்பிக் குறுக்கே பாய்ந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போய் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள். அவள் ஆறுதலாகக் குறி பார்த்து எறிந்தாள். கோல்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் அப்படியே விழுந்தது. இடைவேளையில் அவளைத் தனியே கூப்பிட்டு, "இனி உன்னை ஏச மாட்டன். நீ உன்ரை பாட்டுக்கு நில்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனால் ரோம்காரிகள் ஒன்றும் தெரியாத பேயர்கள் இல்லை. இவள் ஓட மாட்டாள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவளைச் சும்மா விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் மறித்தார்கள். ஒவ்வொன்றாகக் கோல் போட்டுச் சமப்படுத்தியும் விட்டார்கள். முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது பந்து மறுபடி அவளிடம் வந்தது. பிடித்தாள், நின்றாள். எறிவதற்கு ஆள் இல்லை. அவளுக்கும் கோலுக்கும் நடுவில், கோல் காப்பவளைத் தவிர, ஒரு காக்கைக் குஞ்சுகூட இல்லை. எனக்கு இத்தாலியன் மறந்துபோனது.

"ஓடு பிள்ளை, ஓடு!"

ஓடினாள். கொதிக்கிற சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறவளைப் போல, தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். எறிந்தாள். வலை குலுங்கியது.

ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். தலைவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, அடுத்த பருவத்துக்குப் புதுத் தடிகள் வேண்டும், நாளைக்கு வா, பேசுவோம் என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் மட்டும் கோலடியிலேயே நின்று, நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. ஓடிப் போய் என்ன என்று கேட்டேன்.

"அக்கா, நான் பந்தோடை ஓடிப்போட்டன். கோலைத் தருவினமோ?"

"தந்திட்டினம், பிள்ளை" என்றேன். அவளை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கினேன்.