அப்பாவைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். ஆனாலும் உங்களிடம் நான் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது சந்தாபுராவில். தாத்தா செங்கல் சூளைத் தொழிலாளி. பள்ளிப் படிப்பை முடித்ததும் அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் வேலை. போர் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பிய பிறகும், எல்லையோர வயல்களில் அவருக்கு வேலை மிச்சமிருந்தது. ஓய்வுக்குப் பின் வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசரானார். வெயிலில் நிற்கும் டெலிவரி ஆட்களைத் தன் கேபினுக்குள் உட்கார வைத்ததற்காக இரண்டு முறை மெமோ வாங்கினார். “பேப்பர்தானே, வந்தா வரட்டும்” என்று சிரித்தார்.

அல்சூரில் எங்கள் தெரு நடைபாதையில்கூட அவர்தான் முன்னால் போவார். கல் பெயர்ந்த இடத்தில் நின்று, “நான் கால் வச்ச எடத்துல வை கண்ணு” என்பார். எனக்கோ எப்போதும் அவசரம். “பஸ் போயிடும்பா” என்று அவரைத் தாண்டி ஓடுவேன்.

அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். குடியரசு தினத்தன்று குடியிருப்போர் சங்க விழாவில் அப்பாவைக் கௌரவிக்க ஏற்பாடு செய்தவள் நான்தான். “வேணாம் கண்ணு” என்றவரை இழுத்துப்போனேன். போரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை என்பதால், பாராட்டுரையை என் மனம்போல எழுதினேன். “தன் குழுவில் ஒருவரைக்கூட இழக்காமல் திரும்பிய வீரர்” என்று மைக்கில் வாசித்தேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அப்பா சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் கேட்டார்: “யாரைக் கேட்டு எழுதுன?”

“நல்லாத்தானேப்பா எழுதினேன்? எல்லார் முன்னாடியும் என் மானமே போச்சு.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மாலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போகும்போது முன்பெல்லாம் என்னையும் கூப்பிடுவார், அன்றைக்குப் பிறகு கூப்பிடவில்லை. தனியாகப் போய்த் தனியாக வந்தார். அடுத்த ஞாயிறு பேசிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் நுரையீரலில் தொற்று. ஐசியூவில் அவர் காதருகே குனிந்து, “அந்த வரி தப்பாப்பா?” என்றேன். “சாப்டியா?” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, ராணுவத்தில் அப்பாவோடு பணியாற்றிய தர்மபுரி மாமா ஒருவர் வந்தார். அந்த வரியைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

“உங்கப்பா தேடி முடிச்சு, ஆபத்தில்லேன்னு வெள்ளை நாடா கட்டின பாதைம்மா அது. மரியதாஸ் அதுலதான் பின்னால வந்தான். இருபத்திரண்டு வயசு. உங்கப்பா மேல தப்பில்லேன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. அவருதான் கடைசிவரைக்கும் ஒத்துக்கல.”

அன்று நான் வாசித்தது பொய். அப்பாவின் குழுவில் ஒருவர் இறந்தார். அவர் பெயர் மரியதாஸ்.

மருத்துவமனையில் இரவு பகலாக உடனிருந்த பக்கத்து வீட்டாருக்கும், செவிலியர்களுக்கும், அப்பாவைச் சுமந்த அவருடைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொரு நன்றி மரியதாஸின் அம்மாவுக்கு. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அனுமதி கேட்டுக் கோலார் தங்கவயலுக்குப் போனேன். அப்பா இறந்த செய்தியே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. “எழுதும்மா, பேரைப் போட்டே எழுது” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கப்பா வருஷா வருஷம் வருவாரு. எவ்வளவு கூப்பிட்டாலும் வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவாரு. நீயாச்சும் உள்ள வா.”